கேமில் கேட்ட இசை ஆல்பத்தில் ஏன் இல்லை? வீடியோ கேம் ஒலி வடிவமைப்பும் சிந்தசிஸும்: ஒரு விளக்கம்

ஒரு வீடியோ கேமை முடித்த கையோடு அதன் இசை ஆல்பத்தைத் தேடிக் கேட்பவர்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். "கேமில் கேட்டது இது இல்லையே?" காரணம் தேடிப் போனால் ப்ரொசீஜரல், ஜெனரேட்டிவ், அடாப்டிவ், கிரானுலர் என்று சொற்கள் வரிசையாக வந்து விழும். செயற்கை நுண்ணறிவால் உருவான உள்ளடக்கம் இருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் இணைய கேம் கடையான ஸ்டீம் விதி கொண்டுவந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. 'ஜெனரேட்டிவ் இசை' என்று கண்ணில் பட்டாலே "ஏ.ஐ. போட்ட இசையா?" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு. 2008-இலேயே பெரிய கேம்களில் ஜெனரேட்டிவ் இசை வந்துவிட்டது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு சிக்கல்தான் இருக்கிறது. அடுத்த நொடி என்ன நடக்கப் போகிறது என்பது கேம் இசையமைப்பாளருக்குத் தெரியாது. கேம் ஒலியில் நடந்த சோதனைகளில் முக்கால்வாசி இந்தச் சிக்கலைச் சமாளிக்கப் போய்க் கிளைத்தவை. விநோதமான சத்தத்துக்காகவே விநோதமான சத்தம் செய்தவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் குறைவு.

## முதலில் அடிப்படை: பதிவும் சிந்தசிஸும்

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எண்களாக எழுதிவைத்தால் அது டிஜிட்டல் பதிவு. கேம்களில் வழக்கமான அளவு நொடிக்கு 48,000 எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு சாம்பிள். (ஒரு முழு வாத்தியச் சத்தத்தின் பதிவையும் சாம்பிள் என்றே சொல்வார்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.)

பதிவில் அந்த எண்கள் ஏற்கெனவே கோப்பில் இருக்கும். சிந்தசிஸில் கோப்பு கிடையாது, ஒரு சூத்திரம் அந்த எண்களை அந்தந்த நொடியில் கணக்கிட்டுத் தரும். சைன் அலைக்கு ஒரே அதிர்வெண், மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள்) இல்லை. சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் இருக்கும், ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும். 'நாய்ஸ்' என்னும் இரைச்சலில் சுருதியே இல்லாமல் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். இவற்றில் ஒன்றை எடுத்து, சில அதிர்வெண்களை மட்டும் கடக்கவிடும் ஃபில்டரால் செதுக்குவது ஒரு வழி. ஓர் அலையை வைத்து இன்னோர் அலையை ஆட்டிவைப்பது இன்னொரு வழி.

இரண்டுக்கும் கேம் நோக்கில் உள்ள வேறுபாடு இதுதான். பதிவில் ஒருவர் வயலின் வாசித்துவிட்டார் என்றால் வில்லை அழுத்தியது அழுத்தியதுதான், பிறகு சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரளவு சுருதியை நகர்த்தலாம். சிந்தசிஸில் வில்லின் அழுத்தமே ஒரு மாறி. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திருப்பலாம்.

## கேமுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி?

திரைப்படத்தில் ஒரு காட்சி 2 நிமிடம் 14 நொடி என்றால் எந்தத் திரையரங்கிலும் அவ்வளவுதான். கேமில்:

1. நீளம் தெரியாது. ஒரே அறையை ஒருவர் 20 நொடியில் கடப்பார், இன்னொருவர் 40 நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பார். லூப் போட்டால், அதாவது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், 40 நிமிடக்காரருக்கு மூன்றாவது சுற்றிலேயே சலித்துவிடும்.

2. வரிசை தெரியாது. சண்டை, ஓட்டம், அமைதி என்று எந்த வரிசையிலும் வரலாம். ஒரு பாட்டின் நடுவில் இருந்து இன்னொன்றுக்குத் தாளம் கெடாமல் தாவ வேண்டும்.

3. ஒரே சத்தம் ஆயிரம் முறை வரும். காலடிச் சத்தம் ஒரே பதிவாக இருந்தால் பத்தாவது அடியிலேயே காது கண்டுபிடித்துவிடும்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இதற்கு மிக எளிய விடை ஒன்றைத் தந்தது. இறங்கும் நான்கே நான்கு கீழ்ச்சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் குறையக் குறைய அவை வேகமாக நகரும், சுரங்களும் அதே அளவுக்கு விரைவுபடும். மெல்லிசை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் கேமின் நிலை இசையின் வேகத்தை முடிவு செய்கிறது. இன்றைய பெரிய ஸ்டுடியோக்கள் செய்வதன் கரு அங்கேயே இருக்கிறது.

## சில்லுகளின் காலம்: பஞ்சத்தில் பிறந்த உத்திகள்

1970-களின் இறுதி முதல் 1990-களின் நடு வரை கேம் இயந்திரங்களுக்குள் ஒலிக்கென்றே ஒரு சில்லு இருந்தது. சிந்தசிஸ் அன்று விருப்பத் தேர்வு அல்ல. பதிவுகளை வைக்க நினைவகம் கிடையாது.

ஃபேமிகாம் (1983). நின்டெண்டோவின் இந்த இயந்திரத்தில் ஐந்து ஒலித்தடங்கள்: சதுர வகை இரண்டு, முக்கோண அலை ஒன்று, நாய்ஸ் ஒன்று, தரம் குறைந்த சாம்பிள் ஒன்று. முக்கோண அலைக்குச் சத்த அளவைக் குறைக்கும் வசதியே இல்லை. ஒன்று ஒலிக்கும், அல்லது ஒலிக்காது. அதனால் அதைப் பெரும்பாலும் பேஸுக்கு, அதாவது கீழ்ச்சுர வரிக்கு ஒதுக்கினார்கள். இன்று பலர் ஏக்கத்தோடு கேட்கும் '8-பிட் சத்தம்' இந்த ஒதுக்கீட்டின் விளைவு.

கொமடோர் 64 (1982). பாப் யானெஸ் வடிவமைத்த சிட் (SID) சில்லில் மூன்றே குரல்கள், அதாவது ஒலித்தடங்கள். ஆனால் அவற்றோடு உண்மையான அனலாக் ஃபில்டர், இரண்டு அலைகளைப் பெருக்கும் ரிங் மாடுலேஷன் எல்லாம் உண்டு. மூன்று குரலில் ஒன்று பேஸ், ஒன்று மெல்லிசை என்று போய்விட்டால் மூன்று சுரம் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் கார்டை (chord) எங்கே வைப்பது? ஒரே குரலை நொடிக்கு 50 முறை சுரம் மாற்றி ஓட்டினார்கள். மூன்று சுரமும் அடுத்தடுத்து இவ்வளவு விரைவாக வரும்போது காது அதைப் பாதி கார்டாகவும் பாதி நடுக்கமாகவும் கேட்கும். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்ற இசையமைப்பாளர்கள் இந்தச் சில்லைப் பிழிந்தெடுத்தார்கள். சத்த அளவைக் குறிக்கும் 4-பிட் பதிவேட்டையே படுவேகமாக மாற்றி, சில்லின் வடிவமைப்பில் இல்லாத நான்காவது தடம் ஒன்றை உருவாக்கி, டிரம் சாம்பிள்களை ஒலிக்கவிட்டதும் இந்த இயந்திரத்தில்தான்.

மெகா டிரைவ் (1988). செகாவின் இந்த இயந்திரத்துக்குள் இருந்த யமஹாவின் ஒய்.எம். 2612 சில்லில் எஃப்.எம். சிந்தசிஸ். ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலை ஆட்டிவைக்கும் முறை இது. மெதுவாக ஆட்டினால் சுரம் நடுங்கும், அவ்வளவுதான். ஆட்டும் வேகத்தை நொடிக்குச் சில நூறு முறைக்குக் கொண்டுபோனால் நடுக்கம் மறைந்து புதிய மேற்சுரங்கள் முளைக்கும். மணியோசை, உலோக பேஸ் எல்லாம் வரும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவுனிங் இதை 1967-இல் கண்டுபிடித்து 1973-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். யமஹா உரிமம் வாங்கியது, 1983-இல் டிஎக்ஸ்7 சிந்தசைசர் (சிந்தசிஸ் செய்யும் இசைக்கருவி) வந்தது, பிறகு கேம் இயந்திரத்துக்குள் இறங்கியது. யூசோ கோஷிரோவும் மோட்டோஹிரோ கவாஷிமாவும் 1994-இல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3-க்கு இசையமைத்தபோது, கோஷிரோ சொற்றொடர்களைத் தானே உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதி அதன் வெளியீட்டில் இருந்து பொறுக்கி எடுத்தார். அன்று பலருக்கு அது வெறும் இரைச்சல். இன்று கேட்டால் காலத்துக்கு முந்திய டெக்னோ.

சூப்பர் ஃபேமிகாம் (1990). சோனியின் கென் குடராகி வடிவமைத்த இதன் ஒலிப் பகுதி சாம்பிளை அடிப்படையாகக் கொண்டது: எட்டுத் தடங்கள், 64 கிலோபைட் ஒலி நினைவகம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நெருக்கடி புரியும். சுருக்கிய வடிவத்தில் 16 சாம்பிளுக்கு 9 பைட். நொடிக்கு 32,000 சாம்பிள் என்றால் நொடிக்கு 18,000 பைட். ஆக மொத்த நினைவகமும் சேர்ந்து மூன்றரை நொடிச் சத்தத்துக்குத்தான் காணும். எக்கோ வேண்டுமா? ஒவ்வொரு 16 மில்லிநொடித் தாமதத்துக்கும் 2 கிலோபைட் அதே நினைவகத்தில் இருந்து போகும். அதிகபட்சமான 240 மில்லிநொடி எக்கோ போட்டால் 30 கிலோபைட் காலி. அறை பெரிதாகக் கேட்க வேண்டுமானால் வாத்தியங்களைக் கைவிட வேண்டும்.

இந்த நெருக்கடியில் இருந்துதான் டேவிட் வைஸ் 1994-இல் டாங்கி காங் கன்ட்ரி கேமின் நீருக்கடிக் காட்சிக்கு இசையமைத்தார். கோர்க் வேவ்ஸ்டேஷன் சிந்தசைசரில், சிறு அலைத்துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பதால் ஒலியின் நிறம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் குணத்தைக் கேம் இயந்திரத்தில் கொண்டுவர, நீளமான பதிவுகளுக்குப் பதிலாக மிகச் சிறிய அலைத்துண்டுகளை வரிசையாக மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். மூன்றரை நொடி நினைவகத்தில் நிமிடக்கணக்கில் மிதக்கும் இசை வந்தது.

## குறுந்தகடு வந்தது, சிந்தசிஸ் வெளியே போனது

1990-களின் நடுவில் குறுந்தகடு பரவியதும் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் என்ற கணக்கில் முழுத் தரப் பதிவையே வைக்க முடிந்தது. இசையமைப்பாளர்கள் ஸ்டுடியோவுக்குப் போனார்கள், உண்மையான கிட்டார், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் வந்தன. ஒலித் தரம் ஏறியது. ஆனால் கேமின் போக்குக்கு ஏற்ப இசை வளைவது (இதைத்தான் அடாப்டிவ் என்கிறார்கள்) பெரும்பாலான இடங்களில் குறைந்துவிட்டது. லூகாஸ்ஆர்ட்ஸ் கேம் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐம்யூஸ் என்ற அமைப்பு 1991-இலேயே ஓர் இடத்து இசையில் இருந்து அடுத்த இடத்து இசைக்குத் தாளம் தப்பாமல் நழுவிச் சென்றது. அந்த இசை எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்புகளாகவே இருந்தது. ஒலியை அந்தந்த நேரத்தில் சவுண்ட் கார்டு உருவாக்கியது. உறைந்த பதிவில் அந்த நெளிவு எளிதல்ல.

## இன்று திரும்பி வந்திருக்கும் முறைகள்

இன்றைய செயலிகளுக்குச் சிந்தசிஸ் பெரிய சுமை அல்ல என்பதால் ஒலியை ஓடும்போதே கணக்கிடுவது மறுபடி நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதைத்தான் ப்ரொசீஜரல் ஆடியோ என்கிறார்கள். முறைகள் நிறைய. அதிகம் காதில் படுபவை மட்டும் இங்கே.

1. நாய்ஸும் ஃபில்டரும். காற்று, மழை, ராக்கெட், நெருப்பு. காற்றின் வேகம் என்ற எண்ணை ஃபில்டரின் அதிர்வெண்ணோடு கட்டிவிட்டால் ஒரு நல்ல காற்று தயார். லூப் இல்லை, அலுப்பும் இல்லை.

2. கிரானுலர். பதிவை 10 முதல் 100 மில்லிநொடி வரையிலான துகள்களாக நறுக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூவுவது. பதிவின் எந்த இடத்தில் இருந்து துகள் எடுப்பது, எத்தனை, எந்தச் சுருதியில் என்பதெல்லாம் தனித்தனி மாறிகள். சாதாரணப் பதிவை மெதுவாக ஓட்டினால் சுருதியும் இறங்கும். இதில் இறங்காது. ஒரு சொல்லை உச்சரிக்கும் குரலை அதன் நடுவிலேயே நிறுத்தி, ஒரு நிமிடம் தொங்கவிடலாம். கார் பந்தய கேம்களில் எஞ்சின் சத்தத்துக்கு இது கைகொடுக்கிறது. எஞ்சின் மெதுவாக உச்ச வேகத்துக்கு ஏறுவதை ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும். ஆட்டக்காரர் ஆக்சிலரேட்டரை அழுத்தும் அளவுக்கு ஏற்பப் பதிவின் அந்தந்த இடத்துத் துகள்கள் ஒலிக்கும்.

3. பௌதிக மாதிரி. சத்தத்தை விட்டுவிட்டு, சத்தம் எழுப்பும் பொருளையே கணக்கிடுவது. இதில் மிக அழகானது கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983-இல் வெளியிட்ட தந்திச் சூத்திரம். கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் நான்கு வரியில் முடிந்துவிடும்:

- 218 எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மனம்போன போக்கில், -1 முதல் 1 வரை. அதாவது சிறு துண்டு இரைச்சல்.
- நொடிக்கு 48,000 என்ற வேகத்தில் அவற்றை வரிசையாக ஒலிக்கவிட்டு, முடிந்ததும் முதலில் இருந்து தொடங்குங்கள். சுற்று நொடிக்குச் சுமார் 220 முறை வருவதால் 220 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கும்.
- ஒவ்வோர் எண்ணையும் ஒலித்த பிறகு, அதன் இடத்தில் அதற்கும் பக்கத்து எண்ணுக்குமான சராசரியை எழுதுங்கள்.
- சுற்றுக்குச் சுற்று கூர்மைகள் மழுங்கும். உயர் மேற்சுரங்கள் முதலில் மடியும், அடிச்சுரம் கடைசியில்.

மீட்டிய தந்தி அடங்குவதும் இதே வரிசையில்தான். அதனால் இரைச்சலில் தொடங்கிய கணக்கு தந்தியாகக் கேட்கிறது. அப்புறம் இன்னொரு விஷயம்: சராசரியை எழுதும்போது சில இடங்களில் கூட்டல் கழித்தல் குறியைப் புரட்டிவிடலாம். ஒருபோதும் புரட்டாவிட்டால் தந்தி. பாதிக்குப் பாதி வாய்ப்பில் புரட்டினால் சுருதி கரைந்து, பறை போன்ற தட்டொலி வரும். அந்த வாய்ப்பு ஒரே ஓர் எண். அதைக் கதாபாத்திரத்தின் உடல்நிலையோடு கட்டினால், அடி வாங்க வாங்கப் பின்னணியில் மீட்டும் தந்தி சுருதி இழந்து தட்டலாக மாறும். பதிவில் இதைச் செய்ய ஒவ்வோர் இடைநிலைக்கும் தனிப் பதிவு வேண்டும்.

4. குரல்வழி மாதிரி. நோ மேன்ஸ் ஸ்கை (2016) கேமில் 2-இன் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கிரகங்கள். அவற்றில் திரியும் உயிரினங்களுக்கு முன்கூட்டிக் குரல் பதிவு செய்வது நடக்காத காரியம். ஒலி இயக்குநர் பால் வெயரின் குழு, தொண்டையும் வாயும் அடங்கிய குரல்வழியைக் கணித மாதிரியாக எழுதி, அதைக் கொண்டு உயிரினங்களைக் கத்தவைத்தது.

## எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

கேமை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சின் ஒரு பக்கம், ஒலியை உருவாக்கும் ஒலி எஞ்சின் மறுபக்கம். நடுவில் ஓடுபவை எண்கள்: எதிரி எத்தனை மீட்டர் தூரம், உயிர் எவ்வளவு மிச்சம், மழை எவ்வளவு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் வைஸ் (Wwise), எஃப்மாட் (FMOD) போன்ற இடைநிலை மென்பொருள்களில் இந்த எண்களை ஒலியின் மாறிகளோடு கோடு போட்டு இணைக்கலாம். 2022-இல் வெளியான அன்ரியல் எஞ்சின் 5-இல் மெட்டாசவுண்ட்ஸ் என்ற பகுதி, முழு சிந்தசைசரையே எஞ்சினுக்குள் கட்ட வழி செய்கிறது.

கேட்க எளிதாக இருக்கும், இரண்டு இடங்களில் கால் இடறும்.

முதலாவது படிக்கட்டுச் சத்தம். படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒலி நொடிக்கு 48,000. அதாவது கேம் ஒரு புது எண்ணை அனுப்புவதற்குள் 800 சாம்பிள் ஒலித்து முடிந்திருக்கும். எதிரி நெருங்கும்போது ஃபில்டர் 400 ஹெர்ட்ஸில் இருந்து 460-க்கு ஒரே தாவாகத் தாவினால், அந்தத் தாவல் 'டிக்' என்று கேட்கும். நொடிக்கு 60 டிக் சேர்ந்தால் ஜிப்பை இழுப்பது போன்ற கரகரப்பு. 400-க்கும் 460-க்கும் உள்ள அந்த 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தை 800 சாம்பிளுக்கும் பங்கிட்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓடும்போதே இயங்கும் சிந்தசிஸ் முயற்சிகள் பல மலிவாகக் கேட்பதற்கு இந்த ஒரு சின்ன வேலையை விட்டுவிட்டதே காரணமாக இருக்கும்.

இரண்டாவது காலக்கெடு. ஒலி 512 சாம்பிள் கொண்ட பஃபர் என்னும் தொகுதிகளாகப் போகிறது என்றால் ஒவ்வொன்றையும் 10.7 மில்லிநொடிக்குள் கணக்கிட்டு முடிக்க வேண்டும். படத்தில் ஒரு ஃபிரேம் தவறினால் பலர் கவனிக்கவே மாட்டார்கள். ஒலியில் ஒரு பஃபர் தவறினால் வெடிப்பு போல ஒரு சத்தம், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் பல குழுக்கள் பாதிப் பாதியாகப் போகின்றன. கனமான சிந்தசிஸை ஸ்டுடியோவில் செய்து பதிவாக்கிவிட்டு, கேமுக்குள் அடுக்குகளைக் கூட்டிக் குறைப்பது, ஃபில்டர் போடுவது போன்ற இலகுவானவற்றை மட்டும் ஓடவிடுவார்கள்.

## ஸ்டுடியோவுக்குள் நடந்த சோதனைகள்

எல்லாச் சோதனையும் ஓடும்போதே கணக்கிடுவதில் இல்லை. இரண்டு எடுத்துக்காட்டுகள்.

டூம் (2016) கேமுக்கு இசையமைத்த மிக் கோர்டனிடம் முதலில் கிட்டார் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். கதையில் நரகத்தின் ஆற்றல் தொட்டதையெல்லாம் கெடுக்கும். அதையே ஒலியில் செய்து பார்த்தார். எடுத்துக்கொண்டது இருப்பதிலேயே தூய ஒலியான சைன் அலை. அதைப் பல டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைப்பது), கம்ப்ரஷன் (சத்த ஏற்ற இறக்கத்தை இறுக்குவது), எக்கோ கருவிகள் கொண்ட வரிசைகளுக்குள் ஒரே நேரத்தில் அனுப்பினார். ஒவ்வொரு வரிசையும் தன் பங்குக்குக் கெடுக்கும். எல்லாம் மறுபடி ஒன்று சேரும்போது ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, எந்த ஒரு கருவியிலும் இல்லாத உறுமல் வந்தது. கிட்டார் பிறகு வந்து சேர்ந்தது தனிக் கதை.

டேனிஷ் கலைஞர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன் இன்சைட் (2016) கேமுக்குச் செய்தது இன்னும் விநோதம். நம் குரலைப் பதிவில் கேட்டால் வேறு யாரோ போல இருக்கும். நாம் அன்றாடம் கேட்கும் நம் குரலில் எலும்பு வழியாக வரும் பங்கும் உண்டு, பதிவில் அது இல்லை. அவர் உண்மையான மனித மண்டையோடு ஒன்றை வாங்கி, சிந்தசைசர் ஒலிகளை அதிர்வாக அதற்குள் செலுத்தி, மறுபக்கத்தில் அந்த அதிர்வைப் பதிவு செய்தார். கேமின் ஒலி ஆட்டக்காரரின் தலைக்குள் இருந்து வருவதுபோல இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

மண்டையோட்டுக் கதை செய்திகளில் ஓடியது. அதே கேமில் அவர் எடுத்த இன்னொரு முடிவு அதைவிட முக்கியமானது என்பேன்: சிறுவன் இறந்து மறுபடி தொடங்கும்போது பின்னணி ஒலி முதலில் இருந்து தொடங்குவதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே இடத்தில் பலமுறை தோற்பவருக்கு அதே இசைத் தொடக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முதலில் சொன்ன அந்த 'நீளம் தெரியாது' சிக்கலுக்கு ஒரு சின்ன, கெட்டிக்காரத்தனமான விடை இது.

## 'ஜெனரேட்டிவ்' என்றால் ஏ.ஐ.யா?

நடைமுறையில் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு இந்த ஒரே பெயர் போகிறது.

1. விதி வழி. ஸ்போர் (2008) கேமுக்கு இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் கென்ட் ஜாலியின் ஒலிக் குழுவும் செய்தது. ப்யூர் டேட்டா என்ற திறந்தமூல நிரல்மொழியைக் கேமுக்குள் பொருத்தி, எந்தச் சுரத்துக்குப் பின் எது வரலாம், எவ்வளவு இடைவெளி, எந்த வாத்தியம் என்று விதிகள் எழுதினார்கள். இசை அந்தந்த நேரத்தில் பிறக்கும். விதி மனிதர் எழுதியது, வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம்.

2. துண்டு சேர்ப்பு. நோ மேன்ஸ் ஸ்கைக்கு 65டேஸ்ஆஃப்ஸ்டேட்டிக் குழு நூற்றுக்கணக்கில் சிறு சிறு பதிவுகளைத் தந்தது. சூழலுக்கு ஏற்ப அவற்றைப் பொறுக்கி அடுக்குவது பல்ஸ் என்ற நிரலின் வேலை. ஏப் அவுட் (2019) கேமில் மேட் பாக் செய்ததும் இந்த இனம்தான். டிரம் அடிகள் பதிவுகள், எப்போது எவ்வளவு மூர்க்கமாக அடிப்பது என்பதை ஆட்டத்தின் போக்கு தீர்மானிக்கும். ஒரு காவலாளி சுவரில் மோதினால் சிம்பல் அதிரும்.

3. பயிற்சி பெற்ற மாதிரி. பெரும் எண்ணிக்கையிலான பதிவுகளைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பியல் வலைப்பின்னல், 'இருண்ட காடு, மெதுவான இசை' என்று எழுதிக் கேட்டால் ஒலிக்கோப்பு தருவது. ஸ்டீம் அறிவிப்பு, பதிப்புரிமை வழக்கு என்று செய்திகளில் அடிபடுவது இதுதான்.

குழம்பினால் இரண்டு கேள்வி போதும். மூலப்பொருள் யாருடையது? ஏன் இந்த இடத்தில் இந்தச் சுரம் வந்தது என்று செய்தவரால் சொல்ல முடியுமா? முதல் இரண்டு வகையிலும் இரண்டுக்கும் நேரடியான பதில் உண்டு. மூன்றாவதில் முதல் கேள்வியே சச்சரவு, இரண்டாவதற்குப் பதிலே கிடையாது. ஆனால் எல்லைகள் கலக்கவும் செய்யும். விதிவழி அமைப்பு ஒன்றில் ஏ.ஐ. தந்த ஒலித்துண்டுகளைப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. கடைப் பக்கத்தில் 'ஜெனரேட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்து எந்தப் பக்கமும் முடிவெடுப்பது சரியாக வராது.

## விளைவுகள்: ஆல்பம், பரிசு, சோதனை, பாதுகாத்து வைத்தல்

ஆல்பம். தொடங்கிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கேமில் இசை என்பது துண்டுகளும் விதிகளும் மாறிகளும். ஆல்பம் என்பது அந்த அமைப்பில் இருந்து யாரோ ஒருவர் வெட்டி எடுத்த ஒரு வடிவம். நோ மேன்ஸ் ஸ்கை ஆல்பத்தில் இருப்பவை தொடக்கமும் முடிவும் கொண்ட ராக் பாடல் அமைப்புகள், கேமுக்குள் அந்த வடிவத்தில் அவை வருவது அரிது. இது ஏமாற்று வேலை அல்ல. ஆனால் ஆல்பத்தை மட்டும் கேட்டுவிட்டு கேம் இசையை மதிப்பிடுவது பாதி வேலையை மட்டும் பார்ப்பது.

பரிசு. கிராமி விருதில் வீடியோ கேம் இசைக்கெனத் தனிப் பிரிவு 2023-இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. வென்றவர் ஸ்டெஃபனி எகனோமூ. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அங்கே மதிப்பிடப்படுவது வெளியான பதிவு. எதிரி நெருங்கும்போது இசை எப்படி வளைகிறது என்பது அந்தப் பதிவில் இருக்காது. ஆகவே ஆர்கெஸ்ட்ரா எழுதுபவருக்குக் கிடைக்கும் வெளிச்சம், விதியும் சிந்தசைசரும் எழுதுபவருக்குக் கிடைப்பது கடினம்.

சோதனை. பதிவு என்றால் ஒருமுறை கேட்டுப் பார்த்து அனுமதித்துவிடலாம். 20 மாறிகள் சேர்ந்து இயக்கும் ஒலியை யார், எத்தனை முறை கேட்பது? எல்லா மாறிகளும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் காதைப் பிளக்கும் சத்தம் வரலாம், எல்லாம் அடிமட்டத்துக்குப் போனால் மௌனம். கடைசியில் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் போடுவது, மாறிகளுக்கு வரம்பு கட்டுவது, இரவெல்லாம் கேமைத் தானாக ஓடவிட்டு ஒலியளவைப் பதிவு செய்வது என்று வேலை நீள்கிறது. ஸ்டுடியோக்கள் ப்ரொசீஜரல் ஆடியோ பக்கம் தயங்குவதற்குச் செயலியின் சுமையைவிட இதுவே பெரிய காரணம் என்று படுகிறது.

பாதுகாத்து வைத்தல். கொமடோர் 64-இன் சிட் சில்லின் முதல் வடிவமான 6581-இல் ஃபில்டர் சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒரே கேம் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக ஒலிக்கும். அதில் சாம்பிள் ஒலிக்கவைத்த அந்தச் சத்த அளவு உத்தியே சில்லில் இருந்த ஒரு மின்சாரக் குறையை நம்பியிருந்தது. பின்னால் வந்த 8580 வடிவத்தில் அந்தக் குறையைச் சரிசெய்ததும், பழைய கேம்களின் டிரம் சத்தம் கிட்டத்தட்டக் கேட்காமல் போனது. பழைய இயந்திரத்தைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டர் எழுதுபவர்கள் இன்று குறைகளோடு சேர்த்துத்தான் அந்தச் சில்லைக் கணித்து எழுதுகிறார்கள். இன்றைய ப்ரொசீஜரல் ஒலிக்கும் அதே கதி காத்திருக்கிறது. எஞ்சினின் குறிப்பிட்ட பதிப்பு, இடைநிலை மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பு, அந்தக் குழு தானே எழுதிய ப்ளக்இன் (கூடுதல் நிரல்) என்று மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அந்த இசை ஒலிக்கும். ஒலிக்கோப்புகளை மட்டும் காப்பகத்தில் வைத்தால் துண்டுகள் மிஞ்சும், அவற்றை எந்த வரிசையில், எந்த நேரத்தில் ஒலிக்கவிடுவது என்ற விதிகள் போய்விடும்.